பாதி மாத்திரை

கண்ணுகளா, இரண்டு பேரும் இதை உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உங்களுக்குத் தெரியும். பத்தாவதோடு நின்றவன் நான். ஆனால் நேரில் சொன்னால் என் குரல் ஏறிவிடும். நீங்களும் "செரிப்பா, செரிப்பா" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததுதான் விஷயம். சீர்த்தட்டு எடுக்க எல்லாப் பெண்களும் எழுந்து போனார்கள். உங்கள் அம்மா மட்டும் மண்டபத்தில், ஏசிக் காற்று படாத ஓரமாகப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் குனிந்த தலை நிமிராமல் தாம்பூலப் பை போட்டவள் அவள். அது யாருக்கும் நினைவில் இல்லை. பெரியம்மா வந்து, "எங்க கண்ணு உங்கம்மா?" என்று கேட்டதற்கு, மூத்தவன் நீ என்ன பதில் சொன்னாய்?

"எங்கம்மாவா? அது சோம்பேறிங்க பெரீம்மா. உக்காந்தா கிரேன் வெச்சுத்தான் தூக்கோணும்."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மணி, நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உங்கள் அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனித்தேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் அதே சிரிப்பை நான் அவளிடம் பார்த்திருக்கிறேன். கல்யாண வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். ரசத்தோடு எழுந்து கை கழுவிவிட்டேன்.

கோபம் உன் மேல் மட்டும் இல்லை, கண்ணு. அந்தச் சொல்லை உனக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் அதை முதலில் சொன்னவன் நான்தான்.

அப்போது உனக்கு ஒன்றரை வயது. உன் தங்கை பிறக்கவில்லை. கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டின் மேலேயே மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் நம் கடை. இப்போது போலவே அப்போதும் வாசலில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. பகலில் நான்கு முறையாவது உள்ளே வருவேன். எப்போது வந்தாலும் உங்கள் அம்மா படுத்திருப்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாய். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். காலையில் முகம் வீங்கியிருக்கும். குரல் கூடத் தடித்துப்போய், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். முன்பெல்லாம் நான் காயில் சுற்றும்போது சுற்று எண்ணிக்கையை எனக்கு முன்னால் அவள் எண்ணிச் சொல்வாள். அந்தப் பெண்தான் இப்படி ஆகியிருந்தாள்.

நான் என்ன செய்தேன்? டாக்டரிடம் கூட்டிப் போனேனா? இல்லை. பால் பொங்கி வழிந்த அடுப்பைப் பார்த்துக் கத்தினேன்.

பல்லடத்திலிருந்து உங்கள் அத்தை வந்திருந்தாள். வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, அவளுக்கு ஒடம்பு வணங்கலடா. நாங்கெல்லாம் புள்ள பெத்த மூணாம் மாசமே காட்டு வேலைக்குப் போகலியா? இவளுக்கு என்ன, மகராணிக்கு?"

அதற்கு நான் சொன்னேன்: "சோம்பேறிக்கா. சொன்னாலும் ஏறாது."

சமையலறையில் நின்றுகொண்டிருந்த உங்கள் அம்மாவுக்குக் கேட்டது. வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, கல்யாணத்தில் சிரித்தாளே, அப்படிச் சிரித்தாள். "காப்பி குடிக்கறீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வருடம் இப்படியே போனது. கண்டுபிடித்தது நானும் இல்லை, எங்கள் சொந்தக்காரர் யாரும் இல்லை. உனக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, ஊசி போட்ட நர்சம்மா உன்னை விட்டுவிட்டு உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்குத் தைராய்டு பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் சோம்பலு, அவ்வளவுதானுங்க."

"சோம்பலெல்லாம் இல்லீங்க. மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. தினமும் நான்கு முறை பார்த்த எனக்கு ஒரு வருடம் தெரியாதது, கையில் ஊசியோடு வரிசையில் முப்பது குழந்தைகளை நிறுத்தி வைத்திருந்த ஒரு நர்சம்மாவுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

உங்கள் பாடப் புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அம்மணி, போன மாதம் நீ அதைச் சத்தமாகப் படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய். நான் கடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாளம் என்றால் குழாய். வியர்வைச் சுரப்பிக்குக் குழாய் உண்டு, எச்சில் சுரப்பிக்கு உண்டு. இந்தச் சுரப்பிகளுக்குக் கிடையாது. தான் சுரப்பதை நேராக ரத்தத்தில் விட்டுவிடும். ரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோகும். குழாய் இல்லாத பம்பு என்று நான் வைத்துக்கொண்டேன். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருப்பது தைராய்டு. அது விடும் ஹார்மோன்தான் உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இதயம் துடிப்பது, உடம்பில் சூடு தங்குவது, சாப்பாடு செரிப்பது, முடி வளர்வது, ஒரு விஷயம் நினைவில் நிற்பது, எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. அது குறைந்தால் எல்லாம் மெதுவாகும். குறைந்த வோல்டேஜில் மோட்டார் எப்படி ஓடும்? உறுமும், சூடாகும், சுற்றாது. அந்த மோட்டாரை எட்டி உதைத்துச் சோம்பேறி என்று எவனாவது திட்டுவானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாரும் "எனக்குத் தைராய்டு இருக்குது" என்று வியாதியின் பெயர் மாதிரிச் சொல்கிறார்கள். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. உங்கள் அத்தைக்கும் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் காட்டு வேலைக்குப் போக முடிந்தது. அது அவளுடைய சாமர்த்தியம் இல்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை. உடம்பு செய்ய வேண்டிய ஹார்மோனைத்தான் அந்த மாத்திரை வெளியிலிருந்து கொடுக்கிறது. மூன்று மாதத்தில் உங்கள் அம்மா திரும்பி வந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கதவோரம் நின்று, "ஏனுங்க, ரெண்டு சுத்து உட்டுப்போட்டீங்க" என்றாள். எண்ணிப் பார்த்தேன். விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகாவது பல்லடத்துக்குப் போன் போட்டு, "அக்கா, நான் சொன்னது தப்பு" என்று சொன்னேனா? சொல்லவில்லை. அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அதைத்தான் நீ பொறுக்கி எடுத்து மண்டபத்தில் சொன்னாய்.

இனிமேல் சொல்லப் போவது உங்கள் இரண்டு பேருக்குமே தெரியாதது. அம்மா இதை ஒரு நாளும் சொல்ல மாட்டாள். அம்மணி, இது உன்னைப் பற்றியது.

நீ வயிற்றில் வந்த மாதத்தில் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரை வேனில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுசன், தோட்டத்தில் தென்னையும் தக்காளியும் வைத்திருந்தார்.

"ஏனுங்க, மோட்டாரு நிக்கவே இல்லீங்க. கரண்ட்டு இருக்கற நேரமெல்லாம் ஓடுதுங்க. தொட்டி நெறஞ்சு வழிஞ்சுபோடுமேன்னு நாந்தான் வால்வைப் பாதி மூடிப்போட்டனுங்க."

"தொட்டியை எட்டிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. இந்த ஓட்டம் ஓடுதே, நெறஞ்சிருக்கும்னு நெனச்சனுங்க."

கடைசியில் பார்த்தால் தோட்டத்துக்குள் இறங்கிய யானை பைப்பை மிதித்து உடைத்திருக்கிறது. தண்ணீர் முக்கால்வாசி வழியிலேயே போய்விட்டது. தொட்டி நிறைந்தால்தானே தண்ணீரில் மிதக்கும் ஃப்ளோட் மேலே ஏறி மோட்டாரை நிறுத்தும்? நிறையாததால் மோட்டார் விடாமல் ஓடியிருக்கிறது. இவர் என்னடாவென்றால் இருந்த கொஞ்சம் தண்ணீரையும் பாதியாக்கியிருக்கிறார். நான் கடையிலிருந்த நான்கு பேர் முன்னால் அவரைக் கிண்டல் செய்தேன்.

"ஏனுங்க, நெறஞ்சா அது எதுக்குங்க ஓடுது? பத்தல, பத்தலன்னு கத்திக்கிட்டு ஓடுதுங்க அது. நீங்க போயி அது வாயைப் பொத்தியிருக்கீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் உங்கள் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டர் எடுக்கச் சொன்னது. லேபில் வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போன் செய்தால், "டாக்டர் ஊர்ல இல்லீங்க, இருவது நாள் கழிச்சு வாங்க" என்று ஒரு பெண் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். மேலே பெரிதாகத் தைராய்டு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீழே டி.எஸ்.எச். என்று மூன்று எழுத்து, அதற்கு நேராக ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பாக, தடித்த எழுத்தில் 'எச்'. எச் என்றால் ஹை, எல் என்றால் லோ. அது எனக்குத் தெரியும். ஸ்டெபிலைசரில் இருக்குமே.

உங்கள் அத்தை அன்றைக்கும் வந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வந்தவள்.

"தைராய்டு ஜாஸ்தியாகிப்போச்சுக்கா" என்றேன்.

"பின்ன? மாசமா இருக்கறவளுக்குத் தெனமும் மாத்தரயக் குடுத்தா? கொழந்தைக்குச் சூடுடா அது. நிறுத்திப்போடு."

நிறுத்தப் பயமாக இருந்தது. ஆனால் மாத்திரை தைராய்டு ஹார்மோன், ரிப்போர்ட்டில் தைராய்டு ஹை, அப்படியென்றால் மாத்திரை அதிகம். வோல்டேஜ் கூடினால் குறைக்க வேண்டும். எனக்கு இது கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. அலமாரியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன்.

உங்கள் அம்மா என் கையைப் பார்த்தாள். "ஏனுங்க, டாக்டரு ஒரு நாளும் உடக் கூடாதுன்னாங்கல்லங்க?"

"உடச் சொன்னனா? பாதியாக்கறேன். எனக்கு ரிப்போர்ட்டுப் படிக்கத் தெரியாதா?"

"இல்லீங்க, அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

"டாக்டரு ஊர்ல இல்ல. நீ சும்மா இரு."

"செரிங்க" என்றாள்.

அந்த இருபது நாளும் பாக்குவெட்டியால் மாத்திரையை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் ஒரு பாதி, மறுநாள் மறு பாதி. அதையும் அவள் எப்படி விழுங்கினாள் தெரியுமா? காப்பியோடு. எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கு ஊற்றியதில் முதல் வாயோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வாள். காப்பி சேர்ந்தால் அந்த மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், பொழுது விடிந்ததும் காப்பிக்குக் கை நீட்டிய நான் அரை மணி நேரம் பொறுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அவளுக்குப் பழையபடி குரல் தடித்தது. முகம் வீங்கியது. மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இருபதாம் நாள் காலையில் மறுபடி ரத்தம் எடுத்து, அந்தத் தாளோடு ஆர்.எஸ்.புரம் போனோம். டாக்டர் தாளைப் பார்த்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் உங்கள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஏம்மா, மாத்திரை சாப்பிடறியா இல்லியா?"

உங்கள் அம்மா மேசை மேலிருந்த தாளையே பார்த்தாள்.

"உன்னைத்தானே கேக்கறேன். இந்த நம்பரைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. வயித்துல கொழந்தை இருக்கு. அதுக்கு இப்பச் சொந்தமா தைராய்டு வேலை செய்யாது. உன் ரத்தத்துல வர்ற ஹார்மோனை வெச்சுத்தான் அதுக்கு மூளையே வளரணும். அக்கறை வேண்டாமா? அவ்வளவு சோம்பலா?"

அந்தச் சொல் அங்கேயும் வந்தது. படித்த டாக்டர் வாயிலிருந்தும் வந்தது.

உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துபோட்டனுங்க" என்றாள்.

கண்ணுகளா, மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பழியையும் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வேர்த்தது, நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாமே, பயத்தில் அதுதான் இந்த வேலையெல்லாம் செய்கிறது என்று உன் பாடத்தில் இருக்கிறது, அம்மணி. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பைத் தயார் செய்யுமாம். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது.

"அவ மறக்கலீங்க" என்றேன். "நாந்தானுங்க பாதியாக்கினேன்."

"நீங்களா? எதுக்கு?"

"தைராய்டு ஹைன்னு போட்டிருந்துச்சுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தாளின் பின்பக்கத்தில் ஒரு தலை வரைந்தார், ஒரு கழுத்து வரைந்தார்.

"டி.எஸ்.எச். தைராய்டு ஹார்மோன் இல்லீங்க. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அது தைராய்டுக்கு அனுப்பற உத்தரவுதான் டி.எஸ்.எச். ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு இருந்தா உத்தரவு குறையும். பத்தலைன்னா, இன்னும் சுர, இன்னும் சுரன்னு உத்தரவு கூடிட்டே போகும். இவங்களுக்குப் பத்தல. அதான் இந்த நம்பர் ஹை."

தொண்டாமுத்தூர்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றது கண் முன்னால் வந்தது.

"மோட்டாரு நிக்காம ஓடுது" என்றேன். "தொட்டியில தண்ணி இல்ல."

"என்னது?"

"நான் வால்வைப் பாதி மூடிப்போட்டனுங்க."

டாக்டருக்கு விளங்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு விளங்கியது. அந்த விவசாயியின் கதையை நான் அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தேன். இப்போது அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் வந்த கோபம்தான், ஆனால் வாய் வழியாக டாக்டர் மேல் போனது.

"மேல தைராய்டுன்னு போட்டு, கீழ எச்சுன்னு போட்டா, படிக்கறவன் என்னனு நெனைப்பானுங்க? இது உத்தரவு, இது கூடுனா அது பத்தலைன்னு தமிழ்ல ஒரு வரி போடக் கூடாதுங்களா?"

"ரிப்போர்ட் டாக்டருக்குங்க. நீங்க டாக்டர்கிட்டக் கேட்டிருக்கணும்."

"நீங்க ஊர்ல இல்லீங்களே! போனை எடுத்த பொண்ணு இருவது நாளுன்னுச்சு. பணம் வாங்கிட்டு ரிப்போர்ட்டை எங்க கையிலதானுங்க குடுக்கறாங்க? நாங்க கண்ணை மூடிட்டாங்க அதைக் கொண்டு வர்றது? இவளைத் திட்டறீங்களே, மாத்தரயை யாரு குடுக்கறா, எதோட சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஏனுங்க, உடுங்க" என்று உங்கள் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் கழற்றிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் உங்கள் அம்மா பக்கம் திரும்பி, "எதோட சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டார். 'சாப்பிடறியா' போய் 'சாப்பிடறீங்க' வந்ததை நான் கவனித்தேன்.

"காப்பியோடங்க."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒன்றரை மாத்திரை என்று எழுதினார். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, அதன் பிறகு அரை மணி நேரத்துக்காவது காப்பி கூடாது, மாதா மாதம் ரத்தம். நான் குறைத்த பாதியும் அதற்கு மேல் ஒரு பாதியும் சேர்ந்து அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அதே பாக்குவெட்டியால்தான் அந்த அரை மாத்திரையையும் வெட்ட வேண்டியிருந்தது.

நம் வீட்டில் காலையில் ஏன் ஏழு மணி வரைக்கும் காப்பி கிடையாது என்று நீங்கள் முணுமுணுப்பீர்களே, ஏன் நானே எழுந்து பால் காய்ச்சுகிறேன் என்று பெரியப்பா கிண்டல் செய்வாரே, "பொண்டாட்டிக்குக் காப்பி போடற ஆம்பளை" என்று, அதற்குக் காரணம் இதுதான். அவள் மாத்திரை போட்டு நேரம் ஆகும்வரைக்கும் இந்த வீட்டில் யாருக்கும் காப்பி வாசம்கூட வரக் கூடாது என்று நான் வைத்த சட்டம். பொறுத்திருக்க முடியாதவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பேக்கரியில் போய்க் குடிக்கட்டும்.

மீதி மாதங்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாதா மாதம் அந்த எண் இறங்கியது. பக்கத்திலிருந்த 'எச்' மறைந்தது. ஆனால் போன இருபது நாளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? டாக்டரைக் கேட்டால், "ஒண்ணும் ஆகாதுன்னு நம்புவோம்" என்றார். நம்புவோம் என்பது ஒரு பதிலா?

அம்மணி, நீ பிறந்த மூன்றாம் நாள் உன் குதிகாலில் ஊசி குத்தி ஓர் அட்டையில் ரத்தச் சொட்டுகளை வைத்து எடுத்தார்கள். நீ வீறிட்டு அழுதாய். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள். எனக்கு அந்த அழுகை அவ்வளவு பலமாக இருந்ததே நிம்மதியாக இருந்தது. ரிசல்ட் வந்ததும் நர்ஸைக் கேட்டேன்.

"நார்மலுங்க."

"எச் எதும் போட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"எல்லு?"

"ஒண்ணுமே இல்லீங்க, அண்ணா. கொழந்தை நல்லா இருக்குது. நீங்க போயி உக்காருங்க."

உன் தைராய்டு சரியாக வேலை செய்கிறது என்று அது சொன்னது. ஆனால் உன் மூளை பாதி மாத்திரையில் வளர்ந்த நாட்களைப் பற்றி அந்த அட்டை ஒன்றும் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். அதனால் காத்திருந்தேன். உனக்குத் தலை நின்ற நாள், நீ குப்புற விழுந்த நாள், முதல் சொல் சொன்ன நாள், ஒன்றுவிடாமல் எனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கு இதெல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் குழந்தை உனக்கு முன்னால் நடந்துவிட்டது என்று ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் நீ கடை வாசலில் உட்கார்ந்து பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தாய். ஓர் இடத்திலும் தவறவில்லை. நான் கைவேலையை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். மோட்டார் ஆயில் கண்ணில் பட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன்.

இப்போது எனக்கும் மாத்திரை. மூன்று வருடமாகச் சர்க்கரை. வயிற்றுக்குள் கணையம் என்று ஒரு சுரப்பி, அது விடும் இன்சுலின் என் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை. அதுவும் ஹார்மோன்தான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? "பாவம், உழைச்சு உழைச்சு ஒடம்பக் கெடுத்துக்கிட்டான்." உங்கள் அத்தை அழுதே விட்டாள். கருப்பட்டி மைசூர்பாகை நானே நிறுத்தாமல் தின்றது யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்குச் சுரப்பி கெட்டால் உழைப்பாளி, உங்கள் அம்மாவுக்குச் சுரப்பி கெட்டால் சோம்பேறி. இது எந்த ஊர் நியாயம்? இதை நான் பல்லடத்தில் போய்க் கேட்டுவிட்டேன். பதினாறு வருடம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். உங்கள் அத்தை, "நீதானடா மொதல்ல சொன்னே" என்றாள். "ஆமாக்கா, நாந்தான். தப்புக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் கண்ணு, நீ அம்மாவிடம் போய் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். அவள் ஒரு சிரிப்புச் சிரித்து, "போடா" என்று சொல்லிவிடுவாள். அந்தச் சொல்லை மட்டும் இனி எடுக்காதே. அவளைச் சொல்ல மட்டும் இல்லை, யாரைச் சொல்லவும்.

கடைசியாக ஒன்று. உங்கள் அம்மாவுக்கு வருடா வருடம் எடுக்கும் ரத்த ரிப்போர்ட்டை வாங்க முந்தாநாள் நான் மட்டும் லேபுக்குப் போனேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால், அந்த டாக்டரிடம் சண்டை போட்ட அன்றைக்கே, இந்த லேபுக்கும் போய்த் தமிழில் ஒரு வரி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "கம்ப்யூட்டர்ல வர்றதுங்க, மாத்த முடியாதுங்க" என்றார்கள். இப்போது கட்டடம் புதுசு, ஏசி புதுசு, தாள் வழவழவென்று இருக்கிறது. டி.எஸ்.எச்.சுக்கு நேராக இந்த முறை கொஞ்சம் கூடியிருந்தது. பக்கத்தில் அதே எச். அதே கறுப்பு. ஒரு வரி கிடையாது. கிளினிக்குக்குப் போன் செய்து அன்றைக்கே டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்துவிட்டேன், நீங்கள் பயப்பட வேண்டாம்.

நேற்றுக் காலையில் அம்மாவுக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு, பால் காய்ச்சும் முன்னாலேயே வண்டியை எடுத்தேன். லேப் திறக்கவில்லை. ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில், ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், கடையிலேயே எழுதி எடுத்துப் போன தாளை வைத்தேன். பெரிய எழுத்தில் இதுதான் எழுதியிருந்தேன்: 'தைராய்டு ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். எண் கூடியிருந்தால், பெரும்பாலும் உடம்பில் தைராய்டு ஹார்மோன் பத்தவில்லை என்று பொருள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள்.' மோட்டார் ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை நான்கு மூலையிலும் ஒட்டி, கட்டை விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்தேன்.